இருபத்தேழாம் பக்கம்

பூதப்பாண்டி
22.7.2025, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ராஜிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஸ்ரீகுமாரும் பேத்தி நந்தனாவும் கனடாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க பூதலிங்கசாமி துணை நிற்கட்டும். இங்கே நான் நல்ல சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை, ஆனால் உன் அம்மா போய் ஒன்றரை மாதத்தில் அப்படி எழுதினால் உனக்கே கோபம் வரும், அதனால் உயிரோடு இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீ போனில் அனுப்பிய புகார் மனுவை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துத் தாளில் எடுத்துக்கொண்டேன். மூன்று பக்கமும் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறாய், ஆபீஸில் நான் பார்த்த எத்தனையோ மனுவைவிடச் சுத்தமாக இருக்கிறது. கீழே நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைத்திருக்கிறாய். நான்கு நாளாக அது மேஜையில் கிடக்கிறது. நான் கையெழுத்துப் போடப்போவதில்லை மக்ளே. ஏன் என்று போனில் சொல்ல நினைத்தேன், ஆனால் பாதியில் நீ அழுவாய், நான் நிறுத்திவிடுவேன், அப்புறம் ஒருநாளும் சொல்லமாட்டேன். தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு எழுத்தில் சொல்லித்தான் பழக்கம். பொறுமையாக உட்கார்ந்து கடைசிவரை படி.

வீட்டு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே சாரல் விடாமல் பெய்கிறது. நம் வயலில் கன்னிப்பூ நெல் கதிர் தள்ளுகிற பொதிப் பருவத்தில் நிற்கிறது, இந்தத் தடவை நன்றாக வரும் என்று வயலைப் பாட்டத்துக்கு எடுத்தவர் சொல்கிறார். மேல வீட்டு நேசபாய் காலையில் இட்லியோ புட்டோ கொண்டுவந்து வைக்கிறாள், மத்தியானத்துக்கு நானே சோறு வடித்துக்கொள்கிறேன், ரசம் வைக்கப் படித்துவிட்டேன், உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் உலகம்மைக்கு என்ன செய்தது என்று கேட்பார்கள், நான் சுகர் என்பேன், சுகருக்கு இப்படி ஆகுமா, எனக்கும் இருபது வருஷமாக சுகர்தானே என்று என்னிடமே பயத்தை இறக்கிவைத்துவிட்டுக் காப்பியும் குடித்துவிட்டுப் போவார்கள். எரிச்சலாக வரும். அம்மாவின் மிச்ச மாத்திரைகளை நேற்றுதான் எடுத்துக் கொட்டிப் பார்த்தேன், ஒரு முறம் நிறைய இருந்தது. ஒரு நாளைக்குப் பதினோரு மாத்திரை. இஞ்சேருங்கோ, இதையே ஒரு வாட்டி எண்ணெயில வதக்கித் தந்திட்டா சோறு வேண்டாம் எனக்கு என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

அந்தப் பதினோரு மாத்திரைக்கும் நான்கு ஃபைல் இருந்தது உனக்குத் தெரியும், நீயே எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறாய். சுகருக்கும் பிரஷருக்கும் நீலம், இருதயத்துக்குச் சிவப்பு, கிட்னிக்குப் பச்சை, முட்டுவலிக்கு மஞ்சள். டேக் போட்டுக் கோத்து, ஒவ்வொரு தாளுக்கும் வலது மூலையில் பக்க எண் போட்டு, முன்னால் ஒரு அட்டவணையும் எழுதி வைத்திருந்தேன். இது என் ஆபீஸ் கிறுக்கு என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். பாதி அதுதான். மீதிப் பாதியை யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் வைத்தபோது, அங்குள்ள இருதய டாக்டரிடம் நம் நாகர்கோவில் சுகர் டாக்டருடைய சீட்டைக் காட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று, பேனாவை எடுத்து ஒரு மாத்திரையை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். அடுத்த மாதம் சுகர் டாக்டர் அந்த அடித்தலைப் பார்த்துவிட்டு, அப்ப இனி நீங்க அவருகிட்டயே எல்லாத்தையும் பாத்துக்கிடுங்க என்று சீட்டை மேஜையில் தள்ளிவிட்டார். உன் அம்மாவுக்கு கண் கலங்கிவிட்டது, பதின்மூன்று வருஷமாகப் பார்க்கிற டாக்டர் அல்லவா. நான்தான் கும்பிட்டுக் கெஞ்சி சமாதானம் பண்ணினேன். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணினேன், இனி ஒரு டாக்டருடைய சீட்டை இன்னொருவர் கண்ணில் காட்டுவதில்லை, அவரவர் ஃபைல் அவரவருக்கு. ஆபீஸிலும் ஒரு செக்‌ஷன் கடிதத்தை இன்னொரு செக்‌ஷன் ஃபைலில் கோத்தால் மெமோதான் கிடைக்கும். இருதயத்துக்குப் போகும்போது சிவப்பை மட்டும் பையில் வைப்பேன், மற்றது எல்லாம் அலமாரியில் இருக்கும். நான் பெரிய சாமர்த்தியம் செய்வதாக எனக்கு ஒரு நினைப்பு. எந்த டாக்டரும் அதற்கப்புறம் முகம் சுளிக்கவில்லை, எல்லோரும் எங்களைப் பார்த்ததும் சிரிப்பார்கள், ஃபைலை வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப ஒழுங்கா வச்சிருக்கியளே என்பார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது நான் சொல்லவேண்டியதற்கு வருகிறேன். போன வருஷம் ஐப்பசியில் கிட்னி டாக்டரிடம் போயிருந்தோம். அவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது, இனி கவனமாக இருக்கவேண்டும் என்று சொல்லி, மருந்துச் சீட்டில் கீழே தமிழில், சிவப்பு மையில், தன் கையாலேயே எழுதினார். வலி மாத்திரை எதுவும் கூடாது, வேறு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்தச் சீட்டைக் காட்டவும் என்று. இரண்டு கோடும் போட்டார். நான் அதைப் படித்தேன் ராஜி. ஒரு தடவை அல்ல, பஸ்ஸிலும் படித்தேன், வீட்டுக்கு வந்தும் படித்தேன். அப்புறம் துளை போட்டு, பச்சை ஃபைலில் கோத்து, இருபத்தேழு என்று எண் போட்டு, பரிசோதனைத் தாளுக்கு இருபத்தெட்டு போட்டு, அட்டவணையிலும் ஏற்றிவிட்டு, அலமாரியில் வைத்தேன். ஒரு தாளைக் கோத்து எண் போட்டுவிட்டால் அந்த வேலை முடிந்தது என்று என் கைக்கு ஒரு எண்ணம். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறேன்.

தை மாதம் அவளுக்கு முட்டுவலி தாங்க முடியாமல் ஆகிவிட்டது. கட்டிலில் இருந்து எழுந்து அடுக்களைக்குப் போக சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு தடவை நிற்பாள். அப்போதுதான் தக்கலையில் ஜெப்சன் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயது முப்பத்தெட்டு முப்பத்தொன்பது இருக்கும், நல்ல மனுஷன், அவளை அம்மா அம்மா என்றுதான் கூப்பிடுவார். புது மஞ்சள் ஃபைலோடு போனேன், அதில் அவருடைய சீட்டு ஒன்றுதான் இருக்கும்படி. அவர் கேட்டார். அம்மைக்கு வேற சூக்கேடு ஏதாவது உண்டுமா அப்பா, வேற மருந்து உண்டுமா என்று வாய்விட்டுக் கேட்டார். நீ மனுவில் அவர் எதையும் விசாரிக்காமல் மருந்து கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய், அது சரியில்லை. நான் சொன்ன பதில் இதுதான்: சுகர் பிரஷர் உண்டு டாக்டர், எல்லாம் வேற இடத்துல பாக்கோம், கன்ட்ரோல்ல இருக்கு. கிட்னி என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், ஒரு வரி கூடுதலாக எழுதினால் அது பின்னால் நம்மையே பிடிக்கும் என்று ஆபீஸில் எனக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தது, உன் அம்மாவின் உயிர் விஷயத்திலும் அதையே செய்தேன். அவர் பத்து நாளைக்கு மட்டும் வலி மாத்திரை எழுதினார், அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு வரச்சொன்னார். நாங்கள் திரும்பப் போகவே இல்லை.

ஏன் போகவில்லை என்றால் அவள் நடந்துவிட்டாள். ஐந்தாம் நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டு இருக்கிறேன், அவள் கையில் காப்பியோடு சுவரைப் பிடிக்காமல் வந்து நிற்கிறாள். இஞ்சேருங்கோ, எனக்குக் காலு வந்துட்டுல்லா என்றாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும், உன்னைப் பெற்றபோதுகூட அவள் அப்படிச் சிரித்தாளா என்று தெரியாது. பத்து நாள் மாத்திரை தீர்ந்ததும் நானே அந்த அட்டையைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் காட்டி இன்னொரு அட்டை வாங்கினேன், அப்புறம் இன்னொன்று. யாரும் சீட்டு கேட்கவில்லை. மாசியில் மண்டைக்காடு அம்மன் கோவில் கொடைக்குப் போகவேண்டும் என்றாள், கூட்டிப்போனேன். மணலில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன், திரும்பி நின்று வேகம் வாருங்கோ என்று என்னைப் பரிகாசம் பண்ணினாள். வரிசையில் ஒன்றரை மணிநேரம் நின்று மண்டையப்பம் நேர்ந்து கொடுத்தாள், உனக்கு வருகிற தலைவலிக்காக. அதை உன்னிடம் போனில் சொன்னாளா, தெரியவில்லை. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் என்னால் சந்தோஷப்படவும் முடியவில்லை, அது வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

பங்குனியில் கால் வீங்க ஆரம்பித்தது. வெயில் என்றேன். சித்திரையில் முகம் வீங்கிற்று, சோறு வேண்டாம் என்றாள். அந்த மாதம் சிவப்பு ஃபைலோடு இருதய டாக்டரிடம் போனோம், அவர் நீர் போக மாத்திரையைக் கூட்டினார். நீல ஃபைலோடு சுகர் டாக்டரிடம் போனோம், சுகர் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று அவர் பாராட்டினார், கிட்னி கெட்டால் சுகர் தானாக இறங்குமாம், அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பச்சை ஃபைலுக்கு முறை வைகாசிக் கடைசியில் இருந்தது, முறை வரட்டும் என்று இருந்தேன். மே இருபத்தேழாம் தேதி காலையில் பல் தேய்க்க எழுந்தவள் மூச்சு முட்டிக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கார் பிடித்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது முதல் தடவையாக நான்கு ஃபைலையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனேன், எந்த ஃபைலுக்கான சீக்கு என்று எனக்குத் தெரியாததால். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது பெபிஷா என்று ஒரு டாக்டர், குளச்சல் பக்கத்துப் பெண், நம் நந்தனாவுக்கு அக்கா போல இருக்கும். அது நான்கையும் வாங்கி ஒரு பெஞ்சில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது, அப்பா, இது நாலும் ஒரே ஆளுக்க ஃபைலா என்று. ஆமாம் என்றேன். நாலு டாக்டரும் அவியவிய பங்கை ஒழுங்காத்தான் பாத்திருக்காவ, அம்மைய மொத்தமாட்டு பாத்தது யாரு என்று கேட்டது. கோபமாகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

அப்புறம் அந்தப் பெண் எனக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்லிற்று. சுகர் மட்டும் உள்ளவர்கள் எத்தனையோ பேர் எண்பது தொண்ணூறு வரைக்கும் இருக்கிறார்கள், இருதயத்தில் கோளாறு மட்டும் உள்ளவர்களும் இருக்கிறார்கள். ரெண்டும் ஒரே உடம்புல இருந்தா ரெண்டு மடங்கு ஆபத்துன்னு நெனைக்காதீங்க அப்பா, அதுக்கும் மேல போவும், மூணாவதா கிட்னியும் சேந்தா ஒண்ணு மத்ததை இழுத்துக்கிட்டே போவும் என்றது. ஒரு சூக்கேடு உள்ளவர்கள் ஒரு காய்ச்சலில் படுத்தால் மூன்றாம் நாள் எழுந்துவிடுவார்கள், நான்கு உள்ளவர்களுக்கு அதே காய்ச்சல் போதும் என்றது. அதை நான் கண்ணாலேயே ஒன்பது நாள் பார்த்தேன். இருதயத்துக்கு நல்லது செய்ய நீரை இறக்கினால் கிட்னி நின்றுபோகும், கிட்னிக்காக நீர் ஏற்றினால் நெஞ்சில் கட்டி மூச்சு முட்டும், டயாலிசிஸ் போட்டால் பிரஷர் தரைக்கு இறங்கிவிடும். எந்தப் பக்கம் மருந்து கொடுத்தாலும் இன்னொரு பக்கம் அடி விழுந்தது. நான் உனக்கு தினமும் போன் பண்ணினேன் அல்லவா. இன்றைக்கு ஹார்ட் பரவாயில்லை, இன்றைக்கு கிட்னி ஒரு பாயிண்ட் இறங்கியிருக்கு, இன்றைக்கு சுகர் நார்மல் என்று ஒவ்வொன்றாகத்தான் சொன்னேன், ஒவ்வொன்றும் பொய்யில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டதில் நீயும் தேவலையாகிவிடும் என்று டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாய். அதனால்தான் ஒரு நாள் பிந்தி வந்தாய். அம்மாவின் முகத்தை நீ கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்தாய், அதற்கும் நான்தான் காரணம், உன்மேல் ஒரு தவறும் இல்லை, மாப்பிள்ளைமேலும் இல்லை.

இறப்புச் சான்றுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை நான் வாங்கிப் பார்த்தேன். வாரிசு சான்று செக்‌ஷனில் ஏழு வருஷம் இருந்தவன், எத்தனையோ இறப்புச் சான்று என் கையால் போயிருக்கிறது, எதனால் இறந்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை, பெயரும் தேதியும்தான் பார்ப்பேன். உன் அம்மாவுடையதை வாசித்தேன். உடனடிக் காரணம் என்று ஒன்று, அதற்குக் கீழே அதற்குக் காரணம் என்று ஒன்று, அதற்கும் கீழே இன்னொன்று, பக்கத்தில் மற்ற நோய்கள் என்று எழுதியிருந்தது. சுகர், பிரஷர், இருதயம், கிட்னி எல்லாவற்றையும் ஒரே தாளில் அதற்கு முன்னால் யாருமே எழுதவில்லை, நான் எழுத விடவில்லை.

அவளை உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ் அவளிடமே என்னென்ன மருந்து என்று கேட்டார்கள். மூச்சு முட்டுகிற நேரத்தில் அவள் என்னைக் கைகாட்டி, எனக்கு ஒண்ணும் தெரியாது மக்ளே, எல்லாம் அவியளுக்குத் தெரியும், பேப்பர் எல்லாம் அவிய கையில உண்டு என்றாள். அதற்கப்புறம் முகமூடி போட்டுவிட்டார்கள், அவள் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி. நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவள் கடைசியாகச் சொன்னது என்னை நம்பி ஒரு வார்த்தை. அதைச் சொல்லி யாரிடமும் அழ முடியவில்லை ராஜி, அழுதால் ஏன் என்று கேட்பார்கள்.

நீ வந்து இறங்குகிற அன்று காலையில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பச்சை ஃபைலின் டேக்கை அவிழ்த்து அந்த இருபத்தேழாம் பக்கத்தை உருவி எடுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தது அது ஒன்றுதான். ஆபீஸில் எத்தனை பேர் எவ்வளவோ கேட்டும் செய்யாததை, உனக்குப் பயந்து செய்தேன். நீ எல்லாவற்றையும் கேட்பாய், வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த சிவப்பு மையை நீ பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்கமுடியாது என்று தோன்றிற்று, வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து நீ நான்கு ஃபைலையும் உட்கார்ந்து போட்டோ எடுத்தாய். அங்கே போன பிறகு போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு போனில் சொன்னாய், அப்பா, பச்சை ஃபைல்ல இருபத்தாறுக்கு அப்புறம் இருபத்தெட்டு இருக்கு, நீங்க அப்பிடித் தப்பா நம்பர் போடமாட்டிய, ஆஸ்பத்திரிலதான் யாரோ கிழிச்சிருக்காவ, ஜெப்சன் புதன்கிழமை புதன்கிழமை அங்கதான் வாறாரு, அவரைக் காப்பாத்தத்தான் செஞ்சிருக்காவ என்று. நான் இருக்கும் என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது. என் ஒழுங்கை நம்பி நீ ஒரு மனுஷன்மேல் பழி போட்டு மூன்று பக்கம் எழுதிவிட்டாய். அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அசல்தான், நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜெப்சன் டாக்டர் வீட்டுக்கு வந்தார். தனியாக, பைக்கில், மழையில் நனைந்துகொண்டு வந்தார். பெபிஷா சொல்லி விஷயம் தெரிந்திருக்கிறது. உன் மனு பற்றி அவருக்குத் தெரியாது, அதற்காக வரவில்லை. அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா, அம்மைக்குக் கிட்னி சூக்கேடு உள்ளது எனக்குத் தெரியாம போச்சு, நான் இன்னும் ஒரு தடவை குத்திக் கேட்டிருக்கணும், என்னை மன்னிச்சிருங்க என்று சொல்லி அழுதார். நான் என்ன செய்தேன் தெரியுமா. அவர் பிடித்த கையை அப்படியே விட்டுவிட்டு, போகட்டும் விடுங்க என்றேன், நான் அவரை மன்னிப்பது போல. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் பைக் சத்தம் தெரு திரும்புகிறவரை நான் வாசலில் நின்றேன், கூப்பிட வாய் வரவில்லை. செத்தவளுக்குச் செய்த பிழைக்குத் திருத்தம் கிடையாது, உயிரோடு இருக்கிற ஒருவனுக்கு அதை ஏற்றிவிடுகிறேனே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் காலையில்தான் உன் மனுவும் போனில் வந்தது.

முட்டு மாத்திரை ஒன்றுதான் காரணம் என்று சொல்லமுடியாது, அந்த உடம்புக்கு வேறு எதிலாவதும் வந்திருக்கும் என்று பெபிஷா சொல்லிற்று. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் பல நாள் இருந்து பார்த்தேன். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எவ்வளவு நாள் கழித்து வந்திருக்கும் என்று அதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னும் ஒரு கொடைக்கு அவள் இருந்திருப்பாளா, நந்தனா பத்தாம் வகுப்பு முடித்ததைக் கேட்டிருப்பாளா என்று யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை.

இனி உன் விஷயம். உனக்கு நந்தனா பிறந்தபோது வந்த பிரஷர் இன்னும் இருக்கிறது, தைராய்டு இருக்கிறது, சுகர் எல்லையில் நிற்கிறது என்று போன வருஷம் நீயே சொன்னாய், தலைவலிக்கு நீயாக வாங்கி ஏதோ விழுங்குகிறாய். உனக்கு நாற்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டர் என்றுதானே சொன்னாய். யார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள், கேட்காவிட்டாலும் காட்டு. மாப்பிள்ளையிடம் ஒரு நகல் கொடு. நானும் போன வாரம் என் பிரஷர் சீட்டு, மூச்சு மருந்துச் சீட்டு, நீர் பிரியாததற்குத் தந்த சீட்டு எல்லாம் சேர்த்துப் பெபிஷாவிடம் கொண்டுபோனேன், அது இரண்டு மாத்திரையை அடித்துவிட்டது, ஒன்றுக்கொன்று ஆகாதாம். அதனால் என்னைப் பற்றி அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

நாளைக்குப் புதன்கிழமை. காலையில் இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறி நாகர்கோவிலில் ஜெப்சன் டாக்டரைப் போய்ப் பார்க்கப்போகிறேன். அவர் கேட்டதும் நான் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் எல்லாம் அவரிடம் சொல்வேன். அவர் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். உன் மனுவைக் கையெழுத்து இல்லாமல் இதோடு திருப்பி அனுப்புகிறேன், அதைக் கிழிப்பதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம். அதில் எதிராளி பெயர் என்ற இடத்தில் நீ ஜெப்சன் பெயரை எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு ஆறுமுகப்பெருமாள், வயது எழுபத்து நான்கு, ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பூதப்பாண்டி என்று எழுதினால் மூன்று பக்கத்திலும் வேறு திருத்த ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு மாசத் திதி அடுத்த வாரம் வருகிறது, நீ அங்கே ஒரு விளக்கு ஏற்றி அவளுக்குப் பிடித்த உளுந்தங்கஞ்சி வைத்துக் கும்பிடு. குளிர் ஆரம்பிப்பதற்குள் நந்தனாவுக்கு நல்ல கம்பளிச் சட்டை வாங்கு. மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நீயும் உன் குடும்பமும் தீராத நோய் ஒன்றும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும், அதைத் தவிர எனக்கு இனி வேண்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போன் பக்கத்தில்தான் இருப்பேன், ஆனால் கடிதம் வந்து சேர பதினைந்து நாளாவது ஆகும், அதுவரை நீ எப்போதும் போலப் பேசுவாய், நானும் எப்போதும் போலப் பேசவேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்து என்னை மன்னித்துக்கொள். அதற்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடாவிட்டால் நான் புரிந்துகொள்வேன். கையெழுத்தைப் பழக்கத்தில் அப்பா என்றே போடுகிறேன், அதை நீ அடித்துத் திருத்தினாலும் எனக்கு வருத்தம் இல்லை.

இப்படிக்கு,
அப்பா